மக்கர் பண்ணாத துப்பாக்கி

தள்ளி உக்கார வேண்டியதில்ல தம்பி. தோட்டா இல்ல. குழல் தனியா, கட்டை தனியாக் கழட்டித்தான் பையில போட்டிருக்கேன். கண்டக்டரும் இப்படித்தான் பயந்தாரு, பாத்தீங்கல்ல? "அம்மா, இதெல்லாம் பஸ்ல ஏத்தக்கூடாது"ன்னாரு. "லைசென்ஸ் பாக்குறியா, டிக்கெட் குடுக்குறியா?"ன்னேன். டிக்கெட்டைக் குடுத்துட்டுப் போயிட்டாரு. மனுசங்களே அப்படித்தான். நாம நிமிந்து உக்காந்தா அவங்க நகந்துருவாங்க.

எனக்குத் தாண்டிக்குடிக்கு மேல காப்பித் தோட்டம். காப்பி, மிளகு, நடுவுல நடுவுல ஆரஞ்சு. பேரு மங்கையற்கரசி. மங்கைன்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க. 'துப்பாக்கி மங்கை'ன்னு கேட்டா இன்னும் சீக்கிரமாச் சொல்லுவாங்க. எனக்கு அதுல வருத்தமெல்லாம் கிடையாது.

திண்டுக்கல்ல ஒரு துப்பாக்கிக் கடை இருக்கு. லைசென்ஸ் உள்ளவங்க அங்க குடுத்து வைக்கலாம். இரும்புக் கதவு போட்ட ரூம்ல பூட்டி வச்சுக்குவாங்க. அங்கதான் போறேன். ஒப்படைக்கப் போறேன்னு நெனைச்சிராதீங்க. ஊர்ல அப்படித்தான் பேசிக்கிறாங்க, "மங்கை துப்பாக்கியைக் கீழ போட்டுட்டா"ன்னு. யாரு கீழ போட்டது? குடுத்து வைக்கிறதும் கீழ போடுறதும் ஒண்ணா? நீங்களே சொல்லுங்க.

இந்தத் துப்பாக்கி மாதிரி ஒரு சாமான் நான் பாத்ததில்ல தம்பி. ரெட்டைக் குழல். எங்க வீட்டுக்காரர், பேரு நாகரத்தினம், மலையை விட்டுப் போன ஒரு எஸ்டேட்காரர்ட்ட வாங்குனாரு. அப்பவே அது பழசு. எந்த ஊர்ல செஞ்சதுன்னு எழுதியிருந்த எழுத்தே தேஞ்சு போச்சு. ஆனா ஒரு நாள், ஒரே ஒரு நாள், மக்கர் பண்ணுனது கிடையாது. எங்க வீட்டு மோட்டார் எத்தனை தடவை காயில் போயிருக்கு! ஜீப்பு ஏத்தத்துல நிக்கும். சூரிய வெளிச்சத்துல ஓடுற கரண்டு வேலின்னு ஒண்ணு போட்டோம், முதல் மழைக்கே செத்துச்சு. பன்னிக அதுல முதுகு சொறிஞ்சுக்கிட்டுப் போச்சு. போன்ல டவரே கிடைக்காது. இதுக்கு என்ன வேணும்? தையல் மெஷினுக்குப் போடுற எண்ணெய் ரெண்டு சொட்டு. பழைய வேட்டித்துணி ஒரு கிழிசல். அவ்வளவுதான். விரலை மடக்குனா வெடிக்கும்.

எங்க வீட்டுக்காரர் நல்ல மனுசர். ஆனா அவர் நெஞ்சு நல்ல நெஞ்சு இல்ல. மிளகு பறிக்கிற சீசன்ல, ஏணியில நிக்கிறப்பவே நின்னு போச்சு. வினோவுக்கு அப்பப் பதினோரு வயசு. வினோதினி, எம் மக. ஒரே மக.

காரியம் முடிஞ்சு ஈரம் காயல, எல்லாரும் சொன்னாங்க, துப்பாக்கியை வித்துரு. எங்க அண்ணன் சொன்னாரு, "நீ மொதல்ல தோட்டத்தை வித்துரு, துப்பாக்கி தன்னால போயிரும்." நான் ரெண்டையும் விக்கல. லைசென்ஸை எம் பேருக்கு மாத்தப் போனேன். ஆபீசர் ஒருத்தர் பேனாவை மூடி வச்சுட்டுக் கேட்டாரு, "பொம்பளைக்கு எதுக்கும்மா துப்பாக்கி?" நான் சொன்னேன், "பன்னிக்கு நான் ஆம்பளையா பொம்பளையான்னு தெரியாது சார். சத்தம்தான் தெரியும்." பக்கத்துல டைப் அடிச்சுக்கிட்டு இருந்த அம்மா குனிஞ்சுக்கிட்டுச் சிரிச்சது. அலைய விட்டாங்க. நானும் அலைஞ்சேன். வாங்கிட்டுத்தான் வந்தேன்.

இதைக் கேளுங்க. எங்க வீட்டுக்காரரோட தம்பி, பேரெல்லாம் எதுக்கு, என் கொழுந்தன். தோட்டத்துக்கு மேல ஒரு ஊத்து இருக்கு. அதுலருந்துதான் எங்களுக்குத் தண்ணி. அண்ணன் போயிட்டாருல்ல, அந்த ஊத்தை வளைச்சு வேலி போட நாலஞ்சு ஆளுகளோட கல்லுக்கால் ஏத்திக்கிட்டு வந்தான். நான் ஒரு வார்த்தை பேசல. ஊத்துக்கு மேல ஒரு பாறையில உக்காந்து, துப்பாக்கியை நடுவுல மடக்கி, துணியால துடைச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு குழலைத் துடைச்சேன். அடுத்த குழலைத் துடைச்சேன். குழல் வழியா அவனைப் பாத்தேன். அதுல தோட்டாகூட இல்ல தம்பி! "என்ன மைனி, பயமுறுத்துறீங்களா?"ன்னான். "இல்லையே, துப்பாக்கி துடைக்கிறேன்"ன்னேன். அன்னைக்குச் சாயங்காலமே கல்லுக்காலைத் திருப்பி ஏத்திட்டாங்க. அதுக்கப்புறம் அவனும் பேசுறதில்ல, அவன் வீட்டு விசேஷத்துக்கும் கூப்பிடுறதில்ல. கூப்பிடாட்டி போறான். ஊத்து யார்ட்ட இருக்கு? எங்கிட்ட இருக்கு.

இந்தத் துப்பாக்கி ஒரு உசுரை எடுத்ததில்ல. எல்லாம் வானத்துக்குத்தான். பன்னி வந்தா ஒண்ணு, காட்டுமாடு வந்தா ஒண்ணு. சுட்டுட்டு நாலு திட்டுத் திட்டுவேன். பள்ளத்தாக்குல எதிர்ல உள்ள தோட்டம் வரைக்கும் கேக்கும். காசிமாயன்னு பக்கத்துத் தோட்டக்காரர் சொல்லுவாரு, "வேட்டுக்கு ஓடாத பன்னியும் உங்க திட்டுக்கு ஓடிரும்"னு.

அப்பத்தான் அந்தக் கார்டு வந்தான். பாரஸ்ட்டு கார்டு. இருதயராஜுன்னு பேரு. நிலக்கோட்டைப் பக்கம் ஊரு. காசிமாயன் தோட்டத்து ஓரம் ஒரு பன்னி கண்ணியில மாட்டிச் செத்துக்கிடந்துச்சு. இவன் நேரா எங்க வீட்டுக்கு வந்து நிக்கிறான். "உங்ககிட்ட துப்பாக்கி இருக்குல்லம்மா?"ன்னான். "கண்ணியில செத்த பன்னிக்கும் துப்பாக்கிக்கும் என்னய்யா சம்பந்தம்?"னு கேட்டேன். "விசாரிக்கணும்ல, அதான்"ன்னான். வினோ உள்ளருந்து தண்ணி கொண்டாந்து குடுத்தா. அப்பக் காலேஜ் முடிச்சுட்டு வீட்டுல இருந்தா. தண்ணி குடிச்சுட்டுப் போனான். அதுக்கப்புறம் அடிக்கடி விசாரிக்க வந்தான். பன்னி செத்து மண்ணாகி அந்த இடத்துல புல்லே முளைச்சிருச்சு, இவன் இன்னும் விசாரிக்கிறான்.

எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் பேசாம இருந்தேன். தானா அடங்கிரும்னு நெனைச்சேன்.

ஒரு நாள் சாயங்காலம், காக்கி இல்லாம, வெள்ளைச்சட்டை போட்டுக்கிட்டு வாசல்ல வந்து நின்னான். "உங்க மகளைக் கட்டிக்குடுங்க, கேக்குறதுக்குத்தான் வந்தேன்"ன்னான். நேராவே கேட்டான், அதை ஒத்துக்கணும். நான் என்ன பண்ணுனேன்? உள்ள போய் எடுத்துட்டு வந்து வானத்தைப் பாத்து ஒண்ணு விட்டேன். பன்னிக்கு விடுற மாதிரித்தான். வானத்தைப் பாத்துத்தான். நடுவுல ஒரு ஆரஞ்சு மரம் இருந்தா நான் என்ன பண்ண முடியும்? கொப்பு ஒண்ணு ஒடிஞ்சு அவன் தோள் மேல விழுந்துச்சு. இலையும் பிஞ்சும் தலையெல்லாம். அவன் ஓடல. அதுதான் எனக்கு ஆத்திரம். பன்னி ஓடுது, காட்டுமாடு ஓடுது, கொழுந்தன் ஓடுறான், இவன் நிக்கிறான். தலையில கிடந்த இலையைக்கூடத் தட்டல. கால் நகரல.

வினோ வந்து அவனுக்கு முன்னால நின்னா. குழலுக்கு நேரா நின்னா. "இன்னொரு குழல் இருக்குல்லம்மா, அதையும் சுடு"ன்னா.

நான் சுடுவேனா? பெத்த மகளை? என்ன பேச்சு அது! குழலைத் தாழ்த்திட்டேன். உடனே தாழ்த்துனேன். கொஞ்ச நேரம் ஆயிருக்கலாம். கை மரத்துப் போச்சு, அதான். உடனேதான்னு வச்சுக்கங்க.

மறுநாள் காலைப் பஸ்ஸுக்கு அவ போயிட்டா. ஒரு பையி, அவ அப்பா போட்டோ ஒண்ணு. ரெண்டு பேரும் நிலக்கோட்டையில கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அவனுக்கு வேற ரேஞ்சுக்கு மாத்தலும் ஆயிருச்சு. எல்லாரும் எங்கிட்ட வந்து, "துப்பாக்கியால மக போச்சே மங்கை"ன்னாங்க. நான் கேட்டேன், துப்பாக்கி என்னய்யா பண்ணுச்சு? சொன்னதைச் செஞ்சுச்சு. வெடின்னா வெடிச்சுச்சு, நில்லுன்னா நின்னுச்சு. சொல்பேச்சுக் கேக்காம போனது அவ. வருசம் ஓடுச்சு. பொம்பளைப் பிள்ளை பொறந்திருக்குன்னு காசிமாயன் சம்சாரம் வந்து சொல்லுச்சு. அப்படியான்னு கேட்டுக்கிட்டேன். அன்னைக்கு ஒரு வேலையும் ஓடல. துப்பாக்கியை எடுத்துத் துடைச்சுக்கிட்டு இருந்தேன்.

நான் தனியா இருந்து கஷ்டப்பட்டேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நல்லாத்தான் இருந்தேன். வேட்டுப் போட்டேன், திட்டுனேன், சாப்பிட்டேன், தூங்குனேன்.

போன ஐப்பசி மழையப்பத்தான் இது நடந்துச்சு. காலையில ஊத்துக்குழாய்ல தண்ணி வரல. இலை அடைச்சிருக்கும்னு பாக்கப் போனேன். மழைக்கு வேலையாளுக யாரும் வரல. தோள்ல துப்பாக்கி, இடுப்பு பெல்ட்டுல தோட்டா, எப்பவும் போல. ஓடைக்கரை மண்ணு நமத்துக்கிடந்திருக்கு. காலை வச்சேன், கரையோட சேந்து நானும் போயிட்டேன். பள்ளத்துல போய் விழுந்தேன். எந்திரிக்கலாம்னு பாத்தா இடது கால் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி வேற பக்கம் திரும்பிக் கிடக்கு. கத்துனேன். மழைச் சத்தத்துல என் சத்தம் எனக்கே கேக்கல. கொஞ்ச நேரத்துல தொண்டையும் கட்டிக்கிச்சு. போனை எடுத்தா, தண்ணி உள்ள போய் அணைஞ்சு கிடக்கு.

ஆனா இது? சேத்துல என்கூடத்தான் விழுந்துச்சு. குழல்ல மண்ணு அடைச்சிருந்தா கையிலேயே வெடிச்சிரும், அது எனக்குத் தெரியும். மடக்கிப் பாத்தேன். கண்ணாடியாட்டம் சுத்தமா இருந்துச்சு. தோட்டா போட்டேன். வானத்துக்கு விட்டேன். சொட்டச் சொட்ட நனைஞ்சு கிடக்குது, ஒரு நொடி தயங்கல தம்பி. இன்னொண்ணு விட்டேன். பெல்ட்டுல கிடந்த தோட்டா பூராவும் விட்டுவிட்டுப் போட்டேன். ஒண்ணுகூடப் பழுது போகல.

ஒருத்தரும் வரல.

காசிமாயன் அவர் வீட்டுலதான் இருந்திருக்காரு. வேட்டைக் கேட்டிருக்காரு. அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வந்து சொல்றாரு, "நீங்க எப்பவும் போடுறதுதானே, பன்னி போலருக்குன்னு இருந்துட்டேன்." அவர் சம்சாரம், "யார்கூடயோ சண்டை, நமக்கெதுக்கு"ன்னு கதவைச் சாத்திருச்சாம். பாத்தீங்களா மனுசங்களை? துப்பாக்கி அதோட வேலையை ஒழுங்காச் செஞ்சுச்சு. மனுசங்கதான் மக்கர்.

மத்தியானம் போல ஒருத்தன் வந்தான். மேல செடியைப் பிடிச்சுக்கிட்டுச் சறுக்கிச் சறுக்கி இறங்குறான். காக்கிச்சட்டை. நல்லா முகத்தைத் துடைச்சுட்டுப் பாத்தா, இருதயராஜு. மறுபடி எங்க மலைக்கே மாத்தலாகி வந்திருக்கான், எனக்கு அது தெரியாது. எதிர்மலையில ரோந்து போனப்பக் கேட்டிருக்கு. அங்கருந்து ஓடை தாண்டி, மழையில, அத்தனை தூரம் நடந்தே வந்திருக்கான்.

"உனக்கு எப்படிய்யா தெரிஞ்சுச்சு?"ன்னு கேட்டேன். குரலே வரல எனக்கு.

"வேட்டுச் சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறம் உங்க திட்டுச் சத்தம் கேக்கல, அத்தை"ன்னான். "மறுபடி வேட்டு. மறுபடியும் திட்டு இல்ல. அதான் என்னமோ ஆயிருச்சுன்னு வந்தேன்."

அத்தைன்னு கூப்பிட்டான். கூப்பிடாதேன்னு சொல்ற நிலைமையில நான் இல்ல.

ரெண்டு குச்சி ஒடிச்சு, அவன் துண்டைக் கிழிச்சு, என் காலைக் கட்டுனான். முதுகைக் காட்டிக் குனிஞ்சான். "ஏறுங்க. துப்பாக்கி இங்க கிடக்கட்டும், அப்புறம் வந்து எடுத்துக்குறேன்"ன்னான். "அதை விட்டுட்டு நான் வரமாட்டேன்"ன்னேன். "உங்களைத் தூக்குறதே பெரும்பாடு"ன்னான். "அப்ப ரெண்டு பேரும் இங்கேயே கிடக்கோம், நீ போ"ன்னேன். பெருமூச்சு விட்டான். சரின்னுட்டான். அவன் முதுகுல நான், என் தோள்ல அது. ஏத்தம் ஏறுறப்ப ஒவ்வொரு அடிக்கும் குழல் அவன் காதுல போய் இடிக்குது. பாதி வழியில நின்னு மெதுவாக் கேக்குறான், "அத்தை, தோட்டா எதுவும் மிச்சம் இல்லேல்ல?" நான் சொன்னேன், "இருந்தா இந்நேரம் உன் முதுகுல ஏறியிருப்பேனா?" சிரிச்சான் தம்பி. அவன் முதுகு குலுங்குனது எனக்குத் தெரிஞ்சுச்சு. கால் வலி உசுரு போகுது, எனக்கும் சிரிப்பு வந்துருச்சு.

இப்ப நான் கேக்குறேன், என்னைக் காப்பாத்துனது யாரு? ஊர் பூரா இருதயராஜு இருதயராஜுங்குது. அவன் வந்தான், இல்லேங்கல. ஆனா அவனைக் கூப்பிட்டது யாரு? இதுதானே? இது வெடிக்காம இருந்திருந்தா அவன் எங்க வந்திருப்பான்? சொல்லுங்க. ஜன்னல் பக்கம் திரும்பிட்டீங்க பாருங்க. எல்லாரும் இப்படித்தான், இந்த இடத்துல வந்து பேச்சை மாத்திருவாங்க.

வத்தலக்குண்டுல ஆஸ்பத்திரியில சேத்தான். வினோ வந்தா. அழுவா, திட்டுவான்னு நெனைச்சேன். ஒண்ணும் பண்ணல. தலையில சேறு காஞ்சு ஒட்டியிருந்துச்சு. தண்ணி தொட்டுத் தொட்டு ஒவ்வொரு சிக்கா எடுத்தா. அவ சின்னப்பிள்ளையில எனக்குத் தலை வாரவே பொறுமை இருக்காது, வெடுக்குனு இழுப்பேன். இவ இழுக்கல. நான் சுவத்தைப் பாத்துக்கிட்டுப் படுத்திருந்தேன். அவ பிள்ளை கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு நின்னு என்னையே பாக்குது. மெர்லின்னு பேராம். "நீங்கதான் டுமீல் பாட்டியா?"ன்னு கேட்டுச்சு. யாரு சொல்லிக்குடுத்ததுன்னு தெரியல. வினோ, "சும்மா இரு"ன்னு அதட்டுனா. "ஆமா, நான்தான்"னு நான் சொன்னேன். மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?

கட்டுப் பிரிக்கிற வரைக்கும் அவங்க குவார்ட்டர்ஸ்லதான் இருந்தேன். மலையடிவாரத்துல, செக்போஸ்ட்டை ஒட்டி ரெண்டு ரூம். துப்பாக்கியை இருதயராஜே எங்க வீட்டுப் பெட்டியில வச்சுப் பூட்டிச் சாவியை எங்கிட்ட குடுத்துட்டான். தோட்டத்தையும் அவன்தான் பாத்துக்கிட்டான், டூட்டி போக மிச்ச நேரத்துல. பன்னி வந்தா தகரம் தட்டுவானாம். தகரம்!

கட்டுப் பிரிச்சதும், "நான் மேல போறேன்"ன்னேன். டாக்டர் தனியா இருக்கக்கூடாதுன்னுட்டாரு. வினோ சொன்னா, "நாங்க வர்றோம்மா. அவர் அங்கருந்தே டூட்டிக்குப் போய்க்கிடுவாரு. ஆனா துப்பாக்கி இருக்குற வீட்டுக்கு நான் வரமாட்டேன்."

"பெட்டியில பூட்டியே கிடக்கட்டும்"ன்னேன்.

"வீட்டுலயே இருக்கக்கூடாது."

"அதுதான்டி என்னைக் காப்பாத்துச்சு."

"அம்மா, இன்னைக்கும் குக்கர் விசிலடிச்சா நான் அவர் எங்க இருக்காருன்னுதான் மொதல்ல பாக்குறேன். அப்புறந்தான் அடுப்பை அணைக்கிறேன்"ன்னா. "அன்னைக்கு நீ குழலைத் தாழ்த்துறதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா உனக்கு?"

உடனே தாழ்த்திட்டேன்னு சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். அவ முகத்தைப் பாத்துட்டுச் சொல்லல. சொல்லியிருப்பேன். சாப்பாட்டு நேரம் வேற, பிள்ளை பசிக்குதுன்னு வந்துருச்சு.

குக்கருக்குப் பயந்தா அது துப்பாக்கியோட தப்பா தம்பி? நான் ஒத்துக்கவே இல்ல. இன்னைக்கு வரைக்கும் ஒத்துக்கல. சரி, பிள்ளை ஓடியாடுற வீடு, எதுக்கும் இருக்கட்டுமேன்னு நானாத்தான் முடிவு பண்ணுனேன். யாரும் சொல்லி இல்ல. இருதயராஜு ஜீப்புல கொண்டு போய் விடுறேன்னான். வேண்டாம்னுட்டேன். லைசென்ஸ் எம் பேர்ல, துப்பாக்கி என்னுது, நானே கொண்டு போறேன். நேத்து வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். கடைசியா ஒரு தடவை எண்ணெய் போட்டுத் துடைச்சேன். கடைசின்னா, இந்தத் தடவைக்குக் கடைசி. குழல்ல கண்ணை வச்சுப் பாத்தேன். முத்தாட்டம் மின்னுது.

ஞாயித்துக்கிழமை அவங்க சாமானோட வர்றாங்க. மேக்கால ரூமை வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கேன். அந்தப் பிள்ளைக்கு ஆரஞ்சு பிடிக்குமாம்.

வத்தலக்குண்டு தாண்டியாச்சா? அப்ப இன்னும் கொஞ்ச நேரம்தான். கடைக்காரர்ட்டப் போன்லயே சொல்லிட்டேன், "இது விக்கிறதுக்கு இல்ல. மறக்காம எண்ணெய் போட்டு வைங்க. எம் மக எங்கூட இருக்குற வரைக்கும்தான் உங்ககிட்ட இருக்கும். அவ போன மறுநாளே வந்து எடுத்துட்டுப் போயிருவேன்"னு. அதனால கீழ போட்டுட்டா, ஒப்படைச்சுட்டாங்குற பேச்செல்லாம் எங்கிட்ட ஆகாது.

என்ன? எப்பப் போவாளா?

என்ன தம்பி இப்படிக் கேக்குறீங்க! இன்னும் வந்தே சேரல, அதுக்குள்ள எப்பப் போவான்னா? அவ எதுக்குப் போகணும்? அது அவ வீடு. பொறந்து வளந்த வீடு. அவ போவான்னு யாரு சொன்னது உங்களுக்கு?